கிளிநொச்சியில் ரிலாக்ஸ் செய்த தலைக்கு லண்டன் பெட்டி வேண்டாம்

தங்கச்சி, புதுக்குடியிருப்பிலிருந்து கலியாணம் முடித்து லண்டன் இல்ஃபோர்டுக்கு வந்து இன்னும் ஒரு குளிர்காலத்தைக்கூட முழுதாகக் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர். கலியாணத்துக்கு முன் கிளிநொச்சியில் ஒரு சலூனில் தலைமயிரை ரிலாக்ஸ் செய்தீர், அதாவது மருந்து பூசிச் சுருளை நேராக்கினீர். இப்போது அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பழைய சுருள் வந்துவிட்டது, நுனி உடைகிறது, இங்கே சலூனில் கேட்கிற காசு கட்டாது. கடையில் மலிவாக ஒரு நேராக்கி மருந்துப் பெட்டி கிடைக்கிறதே, அதை வாங்கி வீட்டிலேயே பூசலாமா என்பது உம்முடைய கேள்வி. அதோடு வேலை, லைசென்ஸ், குளிர் உடுப்பு என்றும் கேட்டிருக்கிறீர். அதற்கெல்லாம் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். தலைமயிருக்கு மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு எங்கள் ஆட்கள் சொல்கிற பதில் பெரும்பாலும் பிழை.

பெட்டியை வாங்காதேயும். வாங்கியிருந்தால் திறக்காமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொடும்.

ஊரில் உமக்கு எப்படிச் செய்தார்கள் என்று நினைத்துப் பாரும். முதலில் மூக்கை அரிக்கிற நாற்றத்தோடு ஒரு கிறீம். அதைக் கழுவிய பிறகு இரண்டாவதாக இன்னொரு கிறீம். கடைசியில் "மூன்று நாளைக்குத் தலை முழுகாதேங்கோ" என்று ஒரு கண்டிப்பு. இப்படித்தான் நடந்தது என்றால் அது தயோகிளைக்கொலேட்டு வகையாகத்தான் இருக்கும். முடிக்குள் இருக்கிற கந்தகப் பிணைப்புகளை முதல் கிறீம் அறுக்கும், முடி நேராகக் கிடக்கிற நிலையிலேயே இரண்டாவது கிறீம் அவற்றை மறுபடி பிணைக்கும்.

நீர் இங்கே பார்த்த பெட்டி வேறு சாதி. ஆபிரிக்க, கரீபியப் பெண்களின் இறுக்கமான சுருளுக்கென்று செய்தது. அதில் இருப்பது ஓ-எல் விஞ்ஞானத்தில் படித்த சோடியம் ஐதரொட்சைட்டு, பீஎச் 13 பக்கம் நிற்கும். குழாய் அடைப்பு எடுக்க ஊற்றுகிற மருந்திலும் அதுதான் இருக்கிறது. அது அறுத்த பிணைப்பு பழையபடி சேராது. "லை இல்லை", அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு இல்லை, என்று பெரிதாக எழுதிய பெட்டியைக் கண்டு ஏமாற வேண்டாம். அதில் பெரும்பாலும் கல்சியம் ஐதரொட்சைட்டு வரும், அதாவது அப்பாச்சி வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பு. கூட வருகிற திரவத்தைக் கலந்தவுடன் அதுவும் கடுங்காரமாகிவிடும். ஊரில் பூசிய தயோகிளைக்கொலேட்டையும் இங்கத்தைக் காரத்தையும் ஒரே முடியில் ஒன்றின்மேல் ஒன்று பூசினால் முடி தாங்காது. இங்கத்தைச் சட்டம் வீட்டுப் பாவனைக்கு விற்கிற கிறீமில் சோடியம் ஐதரொட்சைட்டை 2 சதவீதம் வரையும், சலூன்காரருக்கு விற்பதில் 4.5 சதவீதம் வரையும் விடுகிறது. ஆனால் இரண்டும் ஒரே கடையில் ஒரே றாக்கையில் நிற்கும், யாரும் உம்மை மறிக்க மாட்டார்கள்.

கண்ணால் கண்டதால்தான் இவ்வளவு கத்துகிறேன். 2002 இல், போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்த பிறகு வந்தவள் நான். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் பெண்கள் ஐந்தாறு பேர் இரண்டு அறைகளில் கிடந்தோம். வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான். ஹீட்டரைக் காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்று அளந்து போடுவார். குளியலறைக் கதவில் "மயிரை அள்ளிவிட்டுப் போகவும்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். வந்த புதிதில் எங்களைக் கசக்கிப் பிழிந்தவர்களில் வெள்ளைக்காரரைவிட எங்கள் ஆட்கள்தான் கூட. சரி, அது வேறு கதை. என்னோடு அறையில் இருந்த பிள்ளை கொழும்பில் நின்றபோது ரீபொண்டிங், அதாவது உமக்குச் செய்த அதே சாதி நேராக்கல், செய்துகொண்டு வந்தவள். தன் வீட்டு முன்னறையில் சலூன் நடத்திய ஒரு தமிழ் அக்கா, பாதிக் காசுக்குச் செய்கிறேன் என்று அவளுடைய தலை முழுக்க மற்றச் சாதிக் கிறீமைப் பூசிவிட்டார். முன்னம் என்ன பூசியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுவும்போது சிங்குக்குள் கொத்துக் கொத்தாக வந்தது. "இங்கத்தைத் தண்ணி உங்களுக்கு ஒத்துவரேல்லை" என்று சொல்லிக் காசையும் வாங்கிக்கொண்டார் அந்த அக்கா. கதவில் இரண்டாவது கடதாசி ஏறியது அந்தக் கிழமைதான்.

எனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது என்னோடு கந்தோர் துப்புரவு செய்த ஒரு கானா நாட்டுப் பெண். எங்கள் ஆட்கள் ஆபிரிக்கப் பெண்களின் தலைமயிர்க் கடைகளைக் கடக்கும்போது கைப்பையை இறுக்கிப் பிடிப்பார்கள், ஆனால் தலைமயிர்க் காரம் பற்றி அந்தப் பெண்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எங்களுக்குத் தெரியாது. என்னுடைய சுருட்டை அதுவரை எந்த மருந்தும் காணாதது, அதனால் எனக்கு அவளுடைய முறை சரிவந்தது. பூசுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தலையைச் சொறியக் கூடாது, கீறல் இருந்தால் காரம் தோலைச் சுடும். நெற்றி ஓரம், காது, பிடரி எல்லாம் வாசலீன். புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் கிறீம், பழைய பகுதியில் பட்டால் அந்த இடத்தில்தான் ஒடியும். எரிந்தால் பொறுக்கக் கூடாது, உடனே கழுவ வேண்டும். பிறகு காரத்தை எடுக்கிற ஷாம்பூ, அதன் நுரை இளஞ்சிவப்பு மாறி வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப. எட்டுக் கிழமைக்குள் மறுபடி பெட்டியைத் தொட விடமாட்டாள்.

உமக்கு இப்போது வேண்டியது இதைவிட லேசு. கிளிநொச்சிச் சலூன்காரப் பிள்ளைக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டு, பூசின கிறீமின் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும். எப்போதாவது சலூனுக்குப் போகக் காசு சேர்ந்தால் அந்தப் படத்தைக் காட்டி, அதே வகையில் அடிக்கு மட்டும் செய்யச் சொல்லலாம். அதுவரை சுருளும் நேரும் சேருகிற அந்த இடம்தான் மிகவும் பலவீனமானது. அதை இழுத்துக் கட்டாதேயும், ஈரத்தோடு அயன் பிடிக்காதேயும். கொண்டிஷனர் போட்டு, அகலப் பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து மேலே போகவும். இரவில் சாட்டின் துணியால் சுற்றிக்கொண்டு படும்.

தண்ணீரையும் கவனியும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதைக் கண்டிருப்பீர். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அது முடியிலும் படிந்து முரடாக்கும். மாதம் ஒருமுறை, சுண்ணாம்பைப் பிடித்து எடுக்கிற ஈடீடீஏ என்ற பொருள் சேர்ந்த ஷாம்பூவால் கழுவினால் அது கழன்றுவிடும்.

கோயிலிலும் கலியாண வீட்டிலும் அன்ரிமார் பிடித்துக்கொள்வார்கள். "எண்ணெய் வை பிள்ளை, எல்லாம் சரிவரும்." எண்ணெய் நல்லதுதான். தேங்காயெண்ணெய் முடிக்குள் போய், கழுவும்போது புரதம் கரைவதைக் குறைக்கும், ஆகவே முழுகுவதற்கு முன் வையும். ஆனால் உடைந்த பிணைப்பை எந்த எண்ணெயும் ஒட்டாது. இதைச் சொல்கிற அன்ரிமாரில் பாதிப்பேர் தலையில் இருப்பது சவுரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2022 இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இப்படியான நேராக்கி மருந்தை வருடத்துக்கு நாலு முறைக்குமேல் பாவித்தவர்களுக்கு 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரக்கூடிய வாய்ப்பை 4.05 சதவீதம் என்று கணித்தார்கள், பாவிக்காதவர்களுக்கு 1.64. மருந்துதான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனாலும் அதை வாசித்த பிறகு நான் பெட்டியை விட்டுவிட்டேன். இப்போது என் தலை பழைய சுருட்டைதான், மகள் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்.

எங்களுக்கு ஊர் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சி. போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரம் சவர்க்காரமே அரிது, உடுப்பைப் பனம்பழக் களியில் தோய்த்தோம். தலைக்கு அம்மா இலுப்பைப் புண்ணாக்கை அவித்து, தேசிக்காய் பிழிந்து அரப்பு வைப்பா, கண்ணுக்குள் போனால் உயிர் போகும். கிணற்றுத் தண்ணீரில் முழுகினால் மயிர் விறைத்து நிற்கும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறந்து வாய்க்கால் ஓடுகிற நாட்களில் முழுகினால் அதே மயிர் வழுக்கிக்கொண்டு வரும். அது வாய்க்கால் தண்ணீரின் குளிர்ச்சி என்று அம்மா சொல்லுவா. குளத்தில் நிற்பது மழைத் தண்ணீர், அதில் கிணற்றளவு சுண்ணாம்பு இல்லை என்பது எனக்கு இங்கே ஷாம்பூப் போத்தலின் பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. புதுக்குடியிருப்புக் கிணற்றில் முழுகி வளர்ந்தவர் நீர், லண்டன் தண்ணீருக்குப் பயப்படத் தேவையில்லை.

மற்றக் கேள்விகளா? இலங்கை லைசென்ஸ் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓடும், அதற்குள் இங்கத்தைச் சோதனைக்குப் படியும். குளிர்ச் சட்டையை ஊரிலிருந்து அனுப்பச் சொல்லாதேயும், இங்கே தை மாத மலிவு விற்பனையில் வாங்கும். வேலை பற்றி உம்முடைய மனுசனைக் கேளும்.