பாலிசியில் முதலில் தேதியைப் பாருங்கள்

இந்த முறை கட்டுமானத் தொழில் செய்பவர்களும் அவர்களிடம் வேலை கொடுத்தவர்களும் எழுதிய கடிதங்கள். எல்லாமே 'புரொஃபஷனல் இன்டெம்னிட்டி' எனும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு பற்றியவை. வடிவமைப்பிலோ ஆலோசனையிலோ மேற்பார்வையிலோ நடந்த கவனக்குறைவால் அடுத்தவருக்கு நஷ்டம் வந்தால், அந்த ஈட்டையும் வழக்குச் செலவையும் ஏற்பது இந்தக் காப்பீடு.

கேள்வி: வேலை நடக்கும் காலம் முழுவதற்கும் சைட்டுக்கு காப்பீடு எடுத்திருக்கிறேன். மூன்றாம் நபர் காப்பீடும் இருக்கிறது. இதற்கு மேல் இன்னொன்று தேவையா?

பதில்: தேவை. சைட் காப்பீடு, கட்டும்போது ஏற்படும் சேதத்துக்கு. மூன்றாம் நபர் காப்பீடு, சாரம் சரிந்து யாருக்காவது அடிபட்டாலோ பக்கத்துச் சுவர் உடைந்தாலோ வருவது. உங்கள் வரைபடத்தில் மேல்தளத்தின் நீர்வாட்டம் தப்பாகப் போய், கட்டடத்தை ஒப்படைத்த பிறகு தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று வையுங்கள். எதுவும் இடிந்து விழவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் தளத்தைக் கொத்தி எடுத்துத் திரும்பப் போடும் செலவை உரிமையாளர் உங்களிடம்தான் கேட்பார். முதல் இரண்டு பாலிசிகளும் அங்கே பெரும்பாலும் கைகொடுக்காது.

கேள்வி: நாங்கள் டிசைன் செய்வதே இல்லை. ஆர்க்கிடெக்ட் வரைந்ததைக் கட்டித் தருகிறோம், அவ்வளவுதான்.

பதில்: 16 மி.மீ. கம்பி கிடைக்காத நாளில் 12 மி.மீ. போட்டுக்கொள்ளச் சொன்னது யார்? ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் ஒரு கம்பியின் குறுக்குப் பரப்பு 201 சதுர மி.மீட்டரிலிருந்து 113-க்கு இறங்கிவிடும். எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று சைட்டில் நின்று முடிவெடுத்தால், அந்த நிமிடமே நீங்கள் டிசைன் செய்துவிட்டீர்கள். வடிவமைத்துக் கட்டித் தரும் ஒப்பந்தம் என்றால் ஆர்க்கிடெக்டின் பிழைக்கும் உரிமையாளர் முதலில் உங்களைத்தான் பிடிப்பார்.

கேள்வி: ஒப்பந்ததாரர் காப்பீட்டுச் சான்றிதழ் காட்டித்தான் வேலையை வாங்கினார். இப்போது பீமில் விரிசல். காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டால், அந்த பாலிசி எப்போதோ காலாவதி என்கிறார்கள். எங்கள் பணம் போனதுதானா?

பதில்: போகவில்லை. பாலிசி காலாவதியானாலும் அவருடைய பொறுப்பு காலாவதியாகாது. விரிசலைப் பூசி மறைக்க யாரையும் விடாதீர்கள். தேதியோடு படமெடுங்கள், தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள், அதை இணைத்து ஒப்பந்ததாரருக்குக் கடிதம் அனுப்புங்கள். கணக்குப் போட்டுக் கொடுத்த பொறியாளருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் தனித்தனி பாலிசி இருக்கலாம், அவர்களுக்கும் எழுதுங்கள். வழக்குக்குக் காலவரம்பு உண்டு, வழக்கறிஞரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

உங்கள் மேல் எனக்கு வருத்தமே தவிரக் குறை இல்லை. நானும் கசிவுத் தடுப்புப் பூச்சு ஒன்றை அதன் உத்தரவாத அட்டையை நம்பி வாங்கினேன். தண்ணீர் இறங்கியபோது அட்டை இருந்தது, கொடுத்த நிறுவனம் இல்லை. வேலை முடிந்த பின்னும் குறிப்பிட்ட ஆண்டுகள் பாலிசியைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் சான்றைக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: வேறு நிறுவனத்தில் பிரீமியம் பாதிதான். மாறிவிடலாமா?

பதில்: இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் அல்ல, பிரீமியத்தை மட்டும் சொல்லி விற்பவர்கள் மேல். எனக்கு ஒரு பாலிசியை விற்ற முகவரும் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வகை பாலிசி பொதுவாக, தவறு நடந்த நாளில் யாரிடம் இருந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. உங்கள் மேல் கோரிக்கை வந்து நிற்கும் நாளில் எந்த பாலிசி உயிரோடு இருக்கிறதோ, அதுதான் பேசும். அஸ்திவாரம் போட்ட ஆண்டில் பிரீமியம் கட்டியிருந்தீர்கள், விரிசல் தெரிந்து கடிதம் வரும் ஆண்டில் பாலிசி இல்லை என்றால், கட்டிய பணத்தால் பயனில்லை.

அப்புறம் 'ரெட்ரோஆக்டிவ்' தேதி என்று ஒன்று அட்டவணையில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தத் தேதிக்கு முன் செய்த வேலைக்கு வரும் கோரிக்கையை அந்த பாலிசி ஏற்காது. நீங்கள் பல ஆண்டுகளாக விடாமல் புதுப்பித்து வந்திருந்தால் அது பழைய தேதியாகவே இருக்கும். புதிய நிறுவனம் அதைத் தன் பாலிசி தொடங்கும் நாளாக மாற்றி வைத்தால், அதுவரை நீங்கள் கட்டிய அத்தனை கட்டடமும் காப்பீட்டுக்கு வெளியே போய்விடும். பிரீமியம் பாதியானதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பழைய தேதியை அப்படியே தருவதாக எழுத்தில் வந்தால் மாறுங்கள், வராவிட்டால் மாறாதீர்கள். வரம்புத் தொகை ஒவ்வொரு கோரிக்கைக்குமா, ஆண்டு முழுவதற்குமா, வழக்குச் செலவு அதற்குள்ளா வெளியேவா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கசிவு என்று உரிமையாளர் கடிதம் போட்டார். "எங்கள் தவறுதான், சரிசெய்கிறோம்" என்று பதில் கொடுத்தேன். பாலிசியைப் புதுப்பித்தபோது இதைச் சொல்லவில்லை. பிறகு வழக்கு வந்தது, நிறுவனம் கைவிரித்துவிட்டது. இது நியாயமா?

பதில்: நியாயம்தான். கோரிக்கை வரக்கூடும் என்று தெரிந்ததுமே தெரிவிக்க வேண்டும், அவர்களைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது இத்தகைய பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை. இரண்டையும் மீறிவிட்டு, படிவத்திலும் மறைத்திருக்கிறீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போடும் ஒருவரை நம்பி அடுத்தவர் எப்படி வீடு கட்டக் கொடுப்பார்?

கேள்வி: "கட்டடம் அதன் நோக்கத்துக்குப் பொருந்தும்" என்று உறுதி தரச் சொல்கிறார்கள். வெறும் சம்பிரதாயம் என்கிறார் இடைத்தரகர்.

பதில்: சம்பிரதாயம் இல்லை. பிரிட்டனில் ராபின் ரிக் கடல் காற்றாலைக்கு அஸ்திவாரம் அமைத்த எம்டி ஹோய்கார்ட் நிறுவனம், சர்வதேசத் தர விதி ஒன்றைப் பின்பற்றித்தான் வடிவமைத்தது. அந்த விதியின் சமன்பாட்டிலேயே பத்து மடங்கு பிழை இருந்தது, இணைப்புகள் வழுக்கின. ஆனாலும் 20 ஆண்டு ஆயுள் என்று ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பகுதியில் இருந்த வரிக்காக, 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்ததாரரையே பொறுப்பாக்கியது. சீரமைப்புச் செலவு 2.6 கோடி யூரோவுக்கும் மேல். உங்கள் பாலிசி பொதுவாகக் கவனக்குறைவுக்குத்தான் ஈடு தரும், நீங்களாகக் கொடுத்த வாக்குறுதிக்கு அல்ல. "நியாயமான திறமையோடும் கவனத்தோடும் வடிவமைப்போம்" என்று மாற்றச் சொல்லுங்கள். இடைத்தரகர் சொன்னதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தொழிலை மூடுகிறேன். பாலிசியை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. கட்டிய கட்டடங்கள் நிற்கின்றன, கோரிக்கை இனிமேலும் வரலாம். தொழிலை மூடியவர்களுக்கென்றே 'ரன்-ஆஃப்' காப்பீடு இருக்கிறது. சட்டம் உங்கள் மேல் வழக்குத் தொடர அனுமதிக்கும் ஆண்டுகள் வரைக்கும் எடுங்கள்.