எல்லோருடைய அறையும் சாப்பாடும் என் கார்டிலா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம், ஆறு இரவு, ஏழு பகல். நாங்கள் மூன்று பேர், மைத்துனர் வீட்டில் நான்கு பேர். டிக்கெட்டை அவரவர் எடுத்தாயிற்று. "அறை, சாப்பாடு எல்லாம் உங்க கார்டிலேயே போட்டுடுங்க, திரும்பி வந்து கணக்குப் பார்த்துக்கலாம்" என்கிறார். போன பயணத்தின் பாக்கியே கார்டில் நிற்கிறது. மாதம் 3% வட்டி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். தினசரி பட்ஜெட் எப்படிப் போடுவது?

பதில்: காலை உணவோடு சேர்ந்த அறை எடுப்பது, சுற்றுலா இடத்துக்கு எதிரிலேயே சாப்பிட உட்காராமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் பணம் ஒழுகுவது வேறு இடத்தில்.

எந்த நாணயமானாலும் சரி, ஓர் அறை ஓர் இரவுக்கு 100, சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அறை 600, சாப்பாடு 630, மொத்தம் 1,230. மைத்துனருக்கு அறை 600, சாப்பாடு 840, மொத்தம் 1,440. அதாவது, உங்கள் செலவைவிடப் பெரிய தொகையை அவருக்குக் கடனாகக் கொடுக்கிறீர்கள், அதுவும் கடன் வாங்கி! அந்த 1,440 நின்றால் மாத வட்டியே 43. ஒரு வருடம் இழுத்தால் 500க்கு மேல். உங்கள் மூவரின் ஏழு நாள் சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு.

இன்னொன்று. பழைய பாக்கி இருக்கும் கார்டில் புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைக்காது. அறைக்குக் கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. அங்கே ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே வேண்டாம்.

'இப்போது பயணம், பிறகு பணம்' என்று வரும் விளம்பரங்களையும் விடுங்கள். வட்டி இல்லை என்பார்கள், செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று எட்டிப் பார்க்கும். போன பயணத்துக்கே இன்னும் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அது எதற்கு?

சரி, மைத்துனரிடம் எப்படிச் சொல்வது? பாதி பாதி என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மொத்தம் 2,670இல் பாதி 1,335, அதிலும் உங்களுக்கு 105 நஷ்டம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய இரண்டு அறைகளைப் பதிவு செய்யுங்கள். ரத்துக்கான கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு அவருடைய அறைப் பணமும் சாப்பாட்டுக்கான முன்பணமும் உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும் என்று இப்போதே, உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது, சொல்லிவிடுங்கள். வரவில்லையா, இரண்டாவது அறையை ரத்து செய்யுங்கள். டிக்கெட் அவரிடம் இருக்கிறது, அறையை அவரே எடுத்துக்கொள்வார்.