மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய பிள்ளை: முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

கே: அட்மிட் ஆனபோது என் மகளின் சி-காஸ் மதிப்பெண் 35. டிஸ்சார்ஜ் அன்று 55. நூற்றுக்கு 55 தானே, போதுமா?

ப: இது பரீட்சை மார்க் இல்லை. வீடு, பள்ளி, நட்பு என எல்லா இடத்திலும் பிள்ளை எப்படிச் சமாளிக்கிறாள் என்பதற்கு 1 முதல் 100-க்குள் சிகிச்சையாளர் போடும் ஒற்றை எண். முப்பதுகளில் இருந்தால் பல இடங்களில் பெரிய பாதிப்பு. ஐம்பதுகளில் சில இடங்களில் மட்டும் அவ்வப்போது தடுமாற்றம். எழுபதைத் தாண்டினால் ஓரளவு நிம்மதி. ஆக, நல்ல ஏற்றம்தான்.

ஆனால் டிஸ்சார்ஜ் அன்று போடும் எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. நிலைமை மிக மோசமானபோதுதான் அட்மிட் செய்கிறோம். அந்த உச்சத்திலிருந்து பாதிப்பு கொஞ்சம் தானாகவே இறங்கும். அதையும் சிகிச்சையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தவிர, வார்டில் ஹோம்வொர்க் நெருக்கடி இல்லை, தம்பியோடு சண்டை இல்லை, ராத்திரி கையில் போனும் இல்லை. மூன்று மாதம் கழித்து அதே அளவுகோலில் மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். அதுதான் பேசும்.

கே: பிள்ளையின் நடத்தை, மனநிலை பற்றிக் கேட்கும் எஸ்டிக்யூ (SDQ) படிவத்தில் நான் நிறையப் பிரச்சினைகளைக் குறித்தேன். 14 வயது மகன் 'ஒன்றுமில்லை' என்கிறான். யார் சொல்வது சரி?

ப: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பதிலும் பிள்ளை பதிலும் ஒத்துப்போவது குறைவு என்பது 1987-லேயே ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டப்பட்ட விஷயம். கோபமும் அடம்பிடிப்பதும் உங்கள் கண்ணில் படும்; உள்ளே இருக்கும் சோர்வு அவனுக்குத்தான் தெரியும். அந்தப் படிவத்தில் இருப்பது 25 வரிகள்தான், 11 வயதிலிருந்து தானே நிரப்பலாம். நிரப்பும்போது பக்கத்தில் உட்காராதீர்கள்!

கே: ஒரே மாதத்தில் மறுபடி அட்மிட் செய்தோம். சிகிச்சை தோற்றுவிட்டதா?

ப: அப்படிச் சொல்ல முடியாது. மறுசேர்க்கையை எண்ணுவது சுலபம், அதனால்தான் மருத்துவமனைகள் அதையே எண்ணுகின்றன. சீக்கிரம் கவனித்துக் கூட்டிவந்தாலும் அந்தக் கணக்கு கூடும். படுக்கை கிடைக்காமல் வீட்டிலேயே தவித்தால் குறையும். நான் கேட்பது வேறு: டிஸ்சார்ஜ் ஆகி ஏழு நாளுக்குள் யாராவது பிள்ளையைப் பார்த்தார்களா? தற்கொலை ஆபத்து கூடுதலாக இருப்பது அந்த முதல் வாரங்களில்தான். சாவைப் பற்றிப் பேசினால் அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

கே: வீட்டில் நாங்கள் எதைக் குறித்துவைக்கலாம்?

ப: பிள்ளையே தேர்ந்தெடுக்கும் மூன்று இலக்குகள் போதும். ஒவ்வொன்றையும் எவ்வளவு எட்டினாள் என்று வாரம் ஒருமுறை 0 முதல் 10 வரை அவளே மதிப்பெண் போடட்டும். 'பள்ளிக்குப் போனாள்' என்று மட்டும் எழுதாமல், எத்தனை பீரியட் வகுப்பில் இருந்தாள் என்று எழுதுங்கள்.