ஐவர் அணியைப் பிரிப்பது எப்படி?

காரைக்குடி கேமிங் சென்டரில் ஞாயிறு வாலரண்ட் (ஐவருக்கு ஐவர் மோதும் துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேம்) கஸ்டம் மேட்ச், அதாவது நாமே அணி பிரித்து ஆடுவது. கல்லூரி ஐவர் ஒரே அணியாக வந்து 13-3 என்று முடிப்பதால் தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்கிறீர்கள். ரேங்க் (கேம் ஒவ்வொருவருக்கும் தரும் தரநிலை) பார்த்துச் சமன் செய்தும் சரிவராததற்குக் காரணம், ரேங்க் தனியாளின் திறமையைத்தான் காட்டும். ஐவரும் பேசிப் பழகிய பழக்கம் அதில் வராது.

ஐவரை 3, 2 என்று பிரியுங்கள். 4, 1 வேண்டவே வேண்டாம். நால்வரோடு மாட்டும் ஐந்தாமவர் பேச ஆளில்லாமல் நிற்பார். வாலரண்ட் ரேங்க் ஆட்டத்திலேயே நால்வராகச் சேர்ந்து ஆட அனுமதி இல்லை. திட்டம் சொல்லி நடத்தும் பையனை இருவர் பக்கம் போடுங்கள், இதுதான் முக்கியம். மிச்சம் ஐவரைத் திறமை வரிசையில் நிறுத்தி 1, 4, 5 இருவர் பக்கம், 2, 3 மூவர் பக்கம். ஆடும்போதே பேச உதவும் டிஸ்கார்ட் ஆப்பில் பக்கத்துக்கு ஒரு வாய்ஸ் சேனல், எல்லாரும் கட்டாயம்.

ஈலோ புள்ளி (ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும் திறமைக் கணக்கு) வைத்தால், இரு பக்கத்துக்கும் இடையே 200 வித்தியாசத்துக்கே வலுத்த பக்கம் நூற்றில் 76 தடவை ஜெயிக்கும். வித்தியாசம் 100க்குள் இருக்கட்டும்.

துப்பாக்கிக்குத் தடை போடாதீர்கள், நன்றாக ஆடுகிறவனுக்கு அது தண்டனை. கடைசி மேட்ச் மட்டும் ஐவரும் சேர்ந்து ஆடட்டும். எதிரே விருப்பப்பட்டவர்கள் மட்டும்.