சின்ன எழுத்தில் அச்சான பேர்கள்: ராக் கேள்வி பதில்

பாலக்காட்டு எல்லையிலிருக்கும் கொழிஞ்சாம்பாறையில் முன்னொரு காலத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். தமிழில் பாட்டுக் கேட்டு, மலையாளத்தில் விலை பேசும் ஊர். கடையை மூடி வெகுநாளாகிவிட்டது. கேள்விகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த வாரம் வந்தவற்றில் சில.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி: ராக்னா எல்லாரும் அதே நாலு பேண்டைத்தான் சொல்றாங்கண்ணா. அதிகம் பேசப்படாத ஒருத்தரைச் சொல்லுங்க.

ரோரி கேலகர். அயர்லாந்துக்காரர். 1963-இல், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே, கார்க் நகரக் கடை ஒன்றில் நூறு பவுண்டுக்குத் தவணையில் ஒரு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் வாங்கினார். 1995-இல் சாகும்வரை அதை விடவே இல்லை. படத்தைத் தேடிப் பாருங்கள்: பெயின்ட் உரிந்து, வெறும் மரம் தெரியும், செக்குலக்கை மாதிரி. முதலில் 'ஐரிஷ் டூர் 74' கேளுங்கள். 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மேடைகளில் பதிந்தது. குண்டு வெடிக்கிற பெல்ஃபாஸ்டுக்கு வெளியூர் பேண்டுகள் வரத் தயங்கிய காலம் அது; இவர் போய் வாசித்தார். கூட்டத்தின் சத்தத்திலேயே அது தெரியும்.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒருவர்: பாட்டு பிடிக்குதுங்க, இங்கிலீஷ்தான் ஒண்ணும் புரியலைங்க.

எனக்கு மட்டும் புரிந்தா கேட்டேன்? வார்த்தையை விடுங்க, அடியில் கனமாக ஓடுகிற பேஸ் கிடாரைப் பிடிங்க. இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸ் உங்கள் காதில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது, பேர்தான் தெரியாமல் இருந்திருக்கும். அதே காதோடு 'தி ஹூ' பேண்டின் 'மை ஜெனரேஷன்' (1965) போடுங்கள். நடுவில் கிடார் துள்ள வேண்டிய இடத்தில் பேஸ் துள்ளும். வாசித்தவர் ஜான் என்ட்விஸில். பாடகரும் கிடார்காரரும் குதிப்பார்கள், இவர் கம்பம் மாதிரி நிற்பார்.

தத்தமங்கலத்திலிருந்து ஒரு மோள்: சேட்டா, எங்க அப்பா செண்டைக்காரர். ராக்னா வெறும் சத்தம்ங்கறார்.

பாண்டி மேளத்துக்கு நடுவில் நிற்கிறவர் சத்தம் என்று சொன்னால் எப்படி! கொச்சி 'மதர்ஜேன்' பேண்டின் 'மக்தூப்' ஆல்பத்தை (2008) போட்டுக் காட்டுங்கள். அதில் கிடார் வாசித்த பைஜு தர்மஜன் கம்பியை இழுத்துக் கமகம் வரவழைப்பார். அதே வருஷம் வந்த 'அவியல்' பேண்டின் ஆல்பம் முழுக்க மலையாளம், வார்த்தையாவது அப்பாவுக்குப் புரியும். அதற்கும் மசியவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அவர் காது அவருக்கு.

வேலந்தாவளம்: 'விதவுட் யூ' மரியா கேரி பாட்டுன்னு தங்கச்சி சொல்றா, நில்சன்னு நான் சொல்றேன். பந்தயம் கட்டியிருக்கோம்.

இரண்டு பேரும் தோற்றீர்கள். பேட்ஃபிங்கர் என்ற பேண்ட், 1970. பீட் ஹாம் சரணம் வைத்திருந்தார், பல்லவி இல்லை. டாம் எவன்ஸ் பல்லவி வைத்திருந்தார், சரணம் இல்லை. ஒட்டினார்கள். அதை நில்சன் பாடி, 1972-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம். எழுதியவர்கள் பணத் தகராறில் நொந்துபோனார்கள். ஹாம் 1975-இலும் எவன்ஸ் 1983-இலும் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். பந்தயக் காசில் அவர்கள் பாட்டை வாங்கிக் கேளுங்கள்.

வாளையாறு: புது ஆளுங்களை எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது?

கேசட் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் பேரைப் படிக்கணும். இப்போது போனில் 'கிரெடிட்ஸ்' என்று இருக்கும், தட்டினால் வரும். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஷீஸ் எ ரெயின்போ' பியானோ யார் என்று பார்த்தால் நிக்கி ஹாப்கின்ஸ். பீட்டில்ஸ், கிங்க்ஸ், தி ஹூ எல்லாருக்கும் வாசித்தவர். உடம்பு முடியாததால் ஊர் ஊராகச் சுற்றுவது கஷ்டம், பெரும்பாலும் ஸ்டூடியோதான் கதி. ஐம்பது வயதில் போய்ச் சேர்ந்தார். பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பமான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'-இல் வார்த்தையே இல்லாமல் அலறுகிற குரல் கிளேர் டோரி. வாங்கியது முப்பது பவுண்டு. வழக்குப் போட்டு, 2005-இல்தான் அந்தப் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் தன் பேரையும் சேர்க்க வைத்தார்.

கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் டீக்கடைக்காரர்: நீங்க பண்ணின பெரிய தப்பு என்னங்க?

யூரையா ஹீப் பேண்டின் 'ஜூலை மார்னிங்' பாட்டு. பத்து நிமிஷத்துக்கும் மேல் ஓடும். தொண்ணூறு நிமிஷக் கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். கடைசியில் இதைத் திணிப்பேன், ஆறாவது நிமிஷத்தில் டேப் தீர்ந்து 'டக்' என்று நிற்கும். பாட்டே அவ்வளவுதான் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். சிடி வந்த பிறகுதான் கேட்கிறேன், வேறு பேண்டின் கீபோர்டுக்காரர் மான்ஃப்ரெட் மான் வந்து மூக் சிந்தசைஸர் என்ற மின்னணுக் கீபோர்டில் ஆடும் ஆட்டமெல்லாம் அதற்குப் பின்னால் கிடக்கிறது! அப்படி வெட்டின கேசட் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறதோ. உங்களிடம் இருந்தால் பாக்கியை யூடியூபில் கேட்டுக்கொள்ளுங்கள், காசு திருப்பித் தர முடியாது.