தமிழில் உயர்தரம் படித்தவர் கடினமான ஆங்கிலச் சொற்களை எப்படிக் கற்பது?

புதுக்குடியிருப்பிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள விவசாய பீடத்துக்குப் போகிறீர்கள். அங்கே விரிவுரை ஆங்கிலத்தில். அதற்குள் 'ஐயாயிரம் கடினச் சொற்கள்' என்ற புத்தகத்தை மனப்பாடம் செய்யலாமா என்பது கேள்வி. வேண்டாம். நானும் முல்லைத்தீவிலிருந்து அதே பீடத்துக்குப் போனவன்.

துறைச்சொற்கள் உங்களைத் தடுக்காது. ஆவியுயிர்ப்பும் பிரசாரணமும் எப்படி நடக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். டிரான்ஸ்பிரேஷன், ஆஸ்மோசிஸ் என்பவை புதிய பெயர்கள், அவ்வளவுதான். இடறிவிடுபவை நடுவே வரும் கான்ஸ்டிட்யூட், டெரைவ், சப்சிகுவென்ட், நாட்வித்ஸ்டாண்டிங் போன்றவை. இவற்றை விரிவுரையாளர் விளக்கமாட்டார்.

நியூசிலாந்தின் மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட், பல துறை நூல்களிலும் கட்டுரைகளிலும் சுமார் 35 இலட்சம் சொற்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். மேலே சொன்ன நான்கும் அதில் உண்டு. மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு அடிச்சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இவற்றைச் சேர்ந்தது. கதைகளில் நூற்றுக்கு ஒன்றரைகூட வராது. ஆகவே நாவல் படித்தால் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிகம் வருபவை முதற்பகுதியில் இருக்கும்.

பொருளை மட்டும் எழுதிப் படித்தால் நிற்காது. டெரைவ் என்பதற்கு அகராதி 'பெறு', 'தோன்று', 'வருவி' என்று அடுக்கும். வேரைப் பாருங்கள். லத்தீனில் ரிவுஸ் என்றால் ஓடை. ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோவதுதான் டெரைவின் பழைய பொருள். இரணைமடு வாய்க்காலில் வயலுக்குத் தண்ணீர் திருப்பியவருக்கு வேறு விளக்கம் எதற்கு? ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைப் பெறுவதும் அதே வேலை. போட்டியாளரைக் குறிக்கும் ரைவலும் அந்த ஓடையில் பிறந்ததுதான்: ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர். சிறுபோகத் தண்ணீருக்கு நடக்கும் சண்டையை நினைத்தால் உரோமர்களும் எங்கள் ஊரார் போலத்தான் தெரிகிறது. எல்லாச் சொல்லுக்கும் வேர் இப்படி உதவாது. உதவாத இடத்தில் விட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம், சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பது. கன்சிஸ்ட் வந்தால் முழுமையாக உள்ளதன் பெயர் முன்னால் நிற்கும், பின்னால் ஆஃப் வரும், பிறகு அதன் பகுதிகள். கான்ஸ்டிட்யூட் தலைகீழ்: பகுதிகள் முன்னால், ஆஃப் கிடையாது. இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பொருள் காட்டித் தராது. எனவே ஒவ்வொரு சொல்லையும் பாடநூலில் கண்ட முழு வாக்கியத்தோடு கொப்பியில் எழுதுங்கள். மறுநாள், பிறகு ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்துப் பொருளை மூடிவைத்து நினைவுகூருங்கள்.

வாக்கியங்களுக்கு எங்கே போவது என்றால், முதலாம் ஆண்டு விரிவுரைக் குறிப்புகளை மூத்த மாணவர்களிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். பகிடிவதைக்குப் பயந்து கேட்காமல் இருக்க வேண்டாம். குறிப்புக் கொடுப்பதில் அவர்கள் தாராளமானவர்கள்.