சொந்த சர்வரா, கிளவுடா?

சர்வர் (தரவையும் மென்பொருளையும் தாங்கி ஓடும் கணினி) வாங்காமல் கிளவுடுக்கு மாறினால் தொழிலுக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிளவுட் என்பது வேறொருவர் கட்டடத்தில் இரவு பகலாக ஓடும் கணினிகள்தான். ஒரே இயந்திரத்தை மென்பொருளால் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து, மின்கட்டணம் போலப் பயன்படுத்திய அளவுக்குப் பணம் வாங்குகிறார்கள்.

நெட்ஃபிளிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர்கள் படங்களை டிவிடியாகத் தபாலிலும் அனுப்பிவந்தார்கள். 2008 ஆகஸ்டில் தரவுத்தளம் பழுதாகி, மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியவில்லை. அதன்பிறகே அமேசான் கிளவுடுக்கு நகரத் தொடங்கினார்கள். வேலை முடிந்தது 2016 ஜனவரியில்! பழையதை அப்படியே தூக்கி வைக்காமல், ஏறக்குறைய எல்லாவற்றையும் திருத்தி எழுதியதால்தான் அவ்வளவு காலம். இப்போது ஒரு சர்வர் படுத்தாலும் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். கூட்டம் பெருகினால் சில நிமிடங்களில் சர்வர்களை ஆயிரக்கணக்கில் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று, கிளவுடில் அணைக்க மறந்த சர்வருக்கும் பில் வரும். வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருந்தால் சொந்த சர்வரே மலிவாகக்கூட இருக்கலாம்.